கொயோட்டி வேட்டைக்கு .223 ரெமிங்டனா, .22-250 ரெமிங்டனா?

அமெரிக்க மேற்கு மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களில் ஆட்டுக்குட்டிகளைக் காப்பதற்காகக் கொயோட்டியை (ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய காட்டு விலங்கு) சுடுவோர் பலர் இந்த இரண்டு தோட்டாக்களுக்கு இடையே தயங்குகிறார்கள். இரண்டிலும் குண்டின் விட்டம் 0.224 அங்குலமே, அதைத் தள்ளும் வெடிமருந்தின் அளவில்தான் வேறுபாடு இருக்கிறது.

வேகம்: 55 கிரெய்ன் (சுமார் 3.6 கிராம்) எடையுள்ள குண்டை .223 நொடிக்குச் சுமார் 3,200 அடி வேகத்திலும், .22-250 சுமார் 3,650 அடி வேகத்திலும் செலுத்துகின்றன. ஆகவே 300 கெஜத்துக்கு அப்பால், பக்கக்காற்று வீசும்போதும், பின்னதன் குண்டு குறைவாகவே தாழ்ந்து குறைவாகவே விலகுகிறது.

செலவு: .223 மலிவானது, எளிதில் கிடைப்பது.

குழலின் ஆயுள்: மிகுந்த வெப்பத்தால் .22-250 துப்பாக்கியின் குழல் விரைவில் தேய்கிறது.

தோல்: சுட்ட விலங்கின் தோலை எடுக்க விரும்புவோர் கவனிக்க, வேகம் கூடக்கூடத் தோல் கிழியும் வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் இதில் தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் அமைப்பே முக்கியம் என்பது என் கருத்து. மெல்லிய உலோக உறையுள்ள குண்டு பெரும்பாலும் உடலுக்குள்ளேயே சிதறிவிடும், அதனால் மறுபக்கம் வெளியேறித் தோலைக் கிழிப்பது குறைவு.

ஒலியெழுப்பி விலங்கை 200 கெஜத்துக்குள் வரவழைப்பவருக்கும், அடிக்கடி பயிற்சி செய்பவருக்கும் .223 போதும். மறைவிடமற்ற சமவெளியில் தொலைவிலிருந்து சுட வேண்டியவர், தோலைப் பொருட்படுத்தாதவராக இருந்தால், .22-250-ஐ வாங்கலாம்.