படந்தாலுமூடு பக்கத்துக் கஞ்சிக்கடை: பயறுக்காகவே போகலாம்

அம்மா மீன் சாப்பிடுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. குமரி மாவட்டத்தில் மீன் இல்லாமல் ஒரு வீட்டில் சோறு இறங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டையும் கிடையாது, பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறும் ரசமும் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும்தான் சாப்பாடு என்று ஆகிவிட்டது. மாடிப்படி ஏறினால் கால் தளருகிறது என்று சொன்னபோது டாக்டரிடம் கூட்டிப்போனேன், சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்றார்.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அம்மா 52 கிலோ. அப்படியானால் நாளைக்கு 43 கிராம். பக்கத்து வீட்டுத் தம்பி புரதப் பவுடர் டப்பா வாங்கச் சொன்னான், எனக்கு மனசு வரவில்லை, அம்மாவும் அதைத் தொடமாட்டாள் என்று தெரியும். அந்த நேரத்தில்தான் குழித்துறை தாண்டி களியக்காவிளை போகிற வழியில், படந்தாலுமூடு பக்கம், பெயர்ப்பலகை இல்லாத இந்தக் கடை கண்ணில் பட்டது. நான்கு பெஞ்சு, ஓலைச் சாய்ப்பு, ஒரு மாமியும் அவர் மகனும், அவ்வளவுதான் கடை.

காலை ஏழரைக்குக் கஞ்சி ஆரம்பிக்கும். சிவப்பரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல், பப்படம், உப்பு மாங்காய், எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய். பல கடைகளில் கஞ்சிக்குப் பயறு என்றால் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி வைப்பார்கள், ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளத்தான் ஆகும். இங்கே பயறுக்குத் தனிக் கிண்ணம். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் விரலால் நசுக்கினால் மசிகிற, ஆனால் உருவம் கலையாத பதத்தில் வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பூண்டும் பச்சைமிளகாயும் ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டு, தேங்காயெண்ணெயில் சின்ன உள்ளியும் வற்றல்மிளகாயும் தாளித்துக் கொட்டுகிறார்கள். ஊறவைத்து நன்றாக வேகவைப்பதால் வாயுத் தொந்தரவும் இல்லை, அம்மா வயசில் அது பெரிய விஷயம்.

கரண்டி கேட்டால் ஸ்பூன் தருவார்கள், கேட்காவிட்டால் பிலாவிலை, அதாவது பலா இலைதான். இலையை மடக்கி ஈர்க்கில் குத்தி வைத்திருப்பார்கள், கஞ்சியை அதில் கோரிக் குடிக்கும்போது இலையின் பச்சை வாசம் லேசாக ஏறும். அம்மா முதல் வாய் குடித்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை, ஆனால் பயறுக் கிண்ணம் காலி. மாமி பார்த்துவிட்டு, “பயறு இன்னும் ஒரு அகப்பை போடட்டா மக்களே?” என்று என்னைத்தான் கேட்டார், போட்டது அம்மாவுக்கு. அதற்குத் தனிக் காசும் வாங்கவில்லை.

எனக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நாள் பார்சல் வாங்கி வந்து வீட்டுத் தராசில் பயறை நிறுத்தேன், 160 கிராம் இருந்தது. தேங்காயைக் கழித்து வெந்த பயறு 140 கிராம் என்று வைத்தால் (வெந்த சிறுபயற்றில் நூறு கிராமுக்கு ஏழு கிராம் புரதம்) பத்து கிராம் பக்கம் வருகிறது. கஞ்சி அரிசியில் ஒரு ஐந்து கிராம். அம்மாவின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு காலை எட்டு மணிக்கே முடிந்துவிடுகிறது! அதிலும் அரிசியும் பயறும் சேர்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆனது, அவற்றில் லைசின் அரிசியில் குறைவு, பயற்றில் அது தாராளம், பயற்றில் குறைகிற மெத்தியோனைன் என்ற இன்னொன்றை அரிசி ஈடு செய்கிறது. நம் ஊரில் கஞ்சியும் பயறும் சேர்ந்தே இருப்பதும், புட்டு என்றால் பயறும் பப்படமும் கூட வருவதும் இதற்குத் தோதாக அமைந்துவிட்டது.

குறையும் சொல்ல வேண்டும். பயறு பத்தரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும், அப்புறம் வருகிறவர்களுக்கு மரச்சீனி மசியல்தான். ருசியில் குறை சொல்ல முடியாது, ஆனால் நூறு கிராம் மரச்சீனியில் ஒன்றரை கிராம் புரதம்கூடத் தேறாது, பயறுக்கு அது மாற்று இல்லை. தெரியாமல் ஒரு நாள் பதினொன்றுக்குப் போய் அம்மாவுக்கு அதுதான் கிடைத்தது, எனக்கு வருத்தமாகிவிட்டது. ஒரு பானை கூடுதலாக வேகவைக்கலாமே என்று மாமியிடம் சொல்லியும் விட்டேன், விறகும் கையும் போதவில்லை என்றார். துவையலில் உப்பு சில நாள் தூக்கலாக இருக்கிறது, பிரஷர் உள்ளவர்கள் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்த ரோட்டோரம்தான், பஸ் வரும்போது வயதானவர்களைப் பார்த்து இறக்குங்கள்.

வெள்ளிக்கிழமை புட்டும் கொண்டைக்கடலைக் கறியும் உண்டு. கறுப்புக் கடலை, மல்லி வறுத்து அரைத்தது. அதுவும் நல்லது, ஆனால் எண்ணெய் அதிகம், என் ஓட்டு சிறுபயறுக்கே.

பி12 வைட்டமின் மட்டும் பயற்றில் கிடைக்காது, அதற்கு டாக்டர் தந்த மாத்திரை தொடர்கிறது. மதியம் வீட்டில் சாம்பாரில் பருப்பைக் கூட்டியிருக்கிறேன், சாயங்காலம் அவித்த நிலக்கடலை ஒரு பிடி. வாரத்தில் நான்கு நாள் கடைக்குப் போகிறோம், போக முடியாத நாளில் மாமி சொன்ன பக்குவத்தில் நானே பயறு வைக்கிறேன், அம்மா சாப்பிட்டுவிட்டு மாமி கை வரவில்லை என்கிறாள். பார்சல் வேண்டுமானால் தூக்குவாளி கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் கவரில் சூடாக ஊற்ற மாமி சம்மதிக்க மாட்டார். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள்.