கிப்சனா, பெட்ரோவா: பழைய பிட்சரை எந்த எண்ணோடு இறக்குவது?

நிஜ வீரர்களின் எண்களை வைத்து ஆடும் பேஸ்பால் சிமுலேஷன் விளையாட்டில் பழைய பிட்சரை (பந்து வீசுபவரை) இறக்க இரண்டு வழி உண்டு. அந்த சீசனில் அவர் எடுத்த எண்களை அப்படியே கொடுக்கலாம். அல்லது அந்தக் காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டுத் திருத்திக் கொடுக்கலாம்.

1968இல் பாப் கிப்சனின் ஈஆர்ஏ (பிட்சர் தன் பொறுப்பில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன்; குறைந்தால் நல்லது) 1.12. 2000இல் பெட்ரோ மார்டினஸுக்கு 1.74. அப்படியே போட்டால் கிப்சன்தான் மேலே. ஆனால் 1968 பிட்சர்களின் வருஷம். பிட்சருக்குச் சாதகமாக, பந்து வீசும் மேடு 15 அங்குல உயரம். கிப்சன் ஆடிய நேஷனல் லீக்கின் சராசரி ஈஆர்ஏவே 3க்குக் கீழ்தான். மறு வருஷமே மேட்டை 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். பெட்ரோ வீசிய அமெரிக்கன் லீக்கிலோ சராசரி 5ஐ நெருங்கியிருந்தது. மைதானத்தையும் கணக்கில் எடுக்கும் ஈஆர்ஏ பிளஸ்படி (100 என்றால் சராசரி, கூடினால் நல்லது) பெட்ரோ 291, கிப்சன் 258.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் மாதிரி அட்டை விளையாட்டில் பாதி முடிவு பேட்டர் அட்டையிலிருந்தும் பாதி பிட்சர் அட்டையிலிருந்தும் வரும். திருத்தாத எண்ணை அட்டையில் ஏற்றினால், மேடு செய்த உதவியும் கிப்சனின் திறமையாகவே பதிவாகிவிடும். அதனால் பல காலத்து அணிகள் கலந்து ஆடும்போது என் ஓட்டு திருத்திய எண்ணுக்கே.

சரி, திருத்தம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ஸ்டாமினா, அதாவது ஒரு ஆட்டத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்து வீசுவார் என்பது. கிப்சன் தொடங்கிய 34 ஆட்டங்களில் 28ஐ அவரே முடித்தார். பெட்ரோ 29இல் 7. இதையும் சராசரிக்குக் கொண்டுவந்து ஏழாவது இன்னிங்ஸில் கிப்சனை உட்காரவைத்தால் அது கிப்சனே இல்லை. அதை மட்டும் அந்த வருஷத்து எண்ணிலேயே விடுங்கள். 1968 அணிகளை மட்டும் வைத்து ஆடுகிறீர்களா? அப்படியென்றால் எதையும் திருத்த வேண்டாம்.