ப்ராங்க்ஸ் சார்ட்டர் ஸ்கூல், ரெண்டு வருஷ அனுபவம்: 3.5/5

ஸ்கூல் பேரு சொல்லல, சின்னவ இன்னும் அங்கதான் படிக்கிறா.

நியூயார்க்குக்கு புதுசா வந்தவங்களுக்காக: சார்ட்டர்னா ஃபீஸ் கிடையாது, அரசாங்க காசுலதான் ஓடுது, ஆனா நடத்துறது தனி போர்டு. இன்டர்வியூ, டெஸ்ட் எதுவும் இல்ல. அப்ளிகேஷன் போட்டுட்டு ஏப்ரல்ல குலுக்கல், நம்ம ஊர் ஆர்டிஇ சீட்டு மாதிரியே வயித்துல புளியக் கரைச்சுட்டு உக்காந்திருக்கணும்.

படிப்புல குறையே சொல்ல முடியாது. கிளாஸ்ல முக்கால்வாசி கறுப்பின, டொமினிகன் (கரீபியன்ல இருக்குற டொமினிகன் ரிபப்ளிக் வம்சாவளி) பசங்க, ஒரு கிளாஸுக்கு ரெண்டு டீச்சர், காலைல 7:45க்கு போனா 4 மணிக்குதான் விடுவாங்க. வீட்ல தமிழ் மட்டுமே பேசிட்டிருந்த என் பையன் டிசம்பர்ல தானா புக்கு எடுத்து வாசிக்க ஆரம்பிச்சுட்டான். 2023ல வந்த ஸ்டான்ஃபோர்ட் கிரெடோ ஆய்வுலயும் சார்ட்டர் பசங்க சாதா அரசு ஸ்கூல் பசங்கள விட வருஷத்துக்கு வாசிப்புல 16 நாள், கணக்குல 6 நாள் கூடுதலா படிச்ச அளவுக்கு முன்னேறுறாங்கன்னும், கறுப்பின, ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசுற நாட்டு வம்சாவளி) ஏழைப் பசங்களுக்கு பலன் இன்னும் அதிகம்னும் சொல்லியிருக்காங்க, என் கண்ணு முன்னாடி பாத்ததால நம்புறேன்.

1.5 எங்க போச்சுன்னா, போன்ல. கால ஆட்டினான்னு போன், சாக்ஸ் கலர் மாறிடுச்சுன்னு போன். நான் வீட்ல இருந்து வேலை பாக்குறேன், சமாளிச்சுட்டேன். அவன் கிளாஸ்ல ஒரு பையனால அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல உக்கார முடியாது, அவங்க அம்மா ஆஸ்பத்திரில ஷிஃப்ட் வேலை, வாரத்துல மூணு நாள் மத்தியானமே வந்து கூட்டிட்டுப் போங்கன்னு கூப்பிடுவாங்க. கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு அவன் வரவே இல்ல. யாரும் போகச் சொல்லல, வேலை போயிரும்னு அவங்களேதான் எடுத்துட்டாங்க.

இன்னொன்னு, கஷ்டப்படுற பசங்களுக்காகன்னு ஆரம்பிச்சதுல சீட்டு முதல்ல யாருக்குப் போகுதுன்னு பாத்தா என்ன மாதிரி ஐடிக்காரிக்கு, ஜனவரிலயே ஆன்லைன்ல ஃபார்ம் பாத்தேன்ல. கீழ்வீட்டு டொமினிகன் பாட்டிக்கு மே மாசம்தான் விஷயமே தெரியும். அடுத்த வருஷம் நானே ஃபில் பண்ணி குடுத்தேன், வெயிட்லிஸ்ட்ல தொண்ணூத்தி சொச்சம், ஆனா என் சின்னவளுக்கு அண்ணன் படிக்கிற முன்னுரிமைல சீட்டு ஈஸியா கிடைச்சுது. சங்கடமாதான் இருந்துச்சு. சிட்டில சார்ட்டர் ஸ்கூல் இத்தனைதான்னு லிமிட் வேற, 2023ல கூட மூடின ஸ்கூல்களோட உரிமத்துல 14 மட்டும் திரும்ப குடுக்க ஒத்துக்கிட்டாங்க. இன்னும் திறக்கணும்தான், ஆனா அந்தப் பாட்டி வீட்டுக் கதவ யாராவது தட்டி சொல்லாம எத்தன திறந்தாலும் என் பிள்ளைங்க மாதிரிதான் போய் உக்காரும்.

சேக்குறவங்க ஓபன் ஹவுஸ்ல (பெத்தவங்க ஸ்கூல சுத்திப் பாக்குற நாள்) ரெண்டு கேள்வி கேளுங்க: ஸ்பெஷல் எஜுகேஷன் டீச்சர் எத்தன பேரு, போன வருஷம் பாதில எத்தன பசங்க போனாங்க. நான் கேட்டப்ப முதல் கேள்விக்கு பதில் வந்துச்சு, ரெண்டாவதுக்கு சிரிச்சுட்டே யூனிஃபார்ம் கடை அட்ரஸ் குடுத்தாங்க.