கஞ்சி போட்ட வேட்டி மாதிரி ஒரு தாள்: கான்சன் மி-டெயின்ட்ஸ்

தாள் மடிப்புக் கலையான ஓரிகாமி என்றதும் பலரும் வாங்குவது 15 செ.மீ. வண்ணத்தாள் பொட்டலம். கொக்கு, தவளை என்று அழுத்தி மடிக்க அது போதும். மூன்று நான்கு மடிப்பிலேயே ஒரு பறவையையோ குனிந்த மனிதரையோ காட்ட நினைத்தால் போதாது. மடிப்பு குறையக் குறைய உருவத்தைத் தாங்குவது தாளின் வளைவுதான். சன்னல் திறந்திருக்கும் சிங்கப்பூர் வீட்டின் ஈரக்காற்றில் மெல்லிய தாள் அந்த வளைவை இழந்து தொய்ந்துவிடும். மடித்த இடத்தில் மை வெடித்து வெள்ளை தெரிவது இன்னொரு தொல்லை.

இந்த வேலைக்கு எங்கள் தேர்வு, பேஸ்டல் (வண்ணச் சுண்ணக்குச்சி) ஓவியத்துக்கென்று விற்கப்படும் கான்சன் மி-டெயின்ட்ஸ். சதுர மீட்டருக்கு 160 கிராம், பாதிப் பருத்தி. கூழிலேயே சாயம் கலப்பதால் வெட்டிய ஓரத்திலும் அதே நிறம். ஒரு பக்கம் தேன்கூட்டுப் பொறிப்பு, மறுபக்கம் சன்னமான சொரசொரப்பு. சன்னமான பக்கம் வெளியே இருக்கட்டும். தேன்கூடு பார்வையை உருவத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

தாளில் ஏற்றியிருக்கும் பசைதான் இதன் பலம். கஞ்சி போட்ட வேட்டியைப் போல ஈரத்தில் இளகும், காய்ந்தால் விறைக்கும். ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) உருவாக்கிய, தாளை ஈரமாக்கி மடிக்கும் ஈர மடிப்பு முறைக்கு இந்தக் குணம்தான் அடிப்படை.

50க்கு 65 செ.மீ. தாளில் 25 செ.மீ. சதுரம் நான்கு கிடைக்கும். மிஞ்சும் பட்டையில் 15 செ.மீ. சதுரம் மூன்று. வெட்டுமுன் இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது வளைவின் முகடு எந்தத் திசையில் நீள்கிறதோ, அந்தத் திசையில்தான் தாளின் இழை ஓடுகிறது, பென்சிலால் குறித்துவையுங்கள். நனைந்தால் தாள் இழைக்குக் குறுக்கே விரியும், சதுரம் கொஞ்சம் நீளும். முனையோடு முனை பொருந்தாமல் போவது அதனால்தான், உங்கள் கை பிசகியதால் அல்ல.

நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் இரு பக்கமும் துடையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் சுருண்டுகொள்ளும். தாள் பளபளத்தால் நீர் அதிகம். பளபளப்பு மறையும்வரை பொறுங்கள். தொட்டால் மெல்லிய தோல் போலக் குளிர்ந்திருப்பதே சரியான பதம். முதல் பயிற்சிக்கு ஒரே மடிப்பு போதும்: மூலையிலிருந்து மூலைவிட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை மட்டும் விரலால் கிள்ளி, மிச்சத்தைத் தொடாமல் விடுங்கள். மடிப்பு முடியும் இடத்தில் தாள் தானாகவே எழும்பும். அந்த எழுச்சியைக் கையால் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். தலை சாய்ப்பதும் சிறகு விரிப்பதும் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

பிறகு துணிக் கிளிப்பால் பிடித்து உலரவிடுங்கள். நடுவே தாள் துண்டு வைக்காவிட்டால் கிளிப்பின் தடம் அழியாது. குளிர்சாதன அறையில் சீக்கிரம் காயும். மழைக்காலத்தில் வெளியே வைத்தால் ஓர் இரவு பிடிக்கலாம். முடி உலர்த்தி வேண்டாம். சூடு பட்ட பக்கம் முந்திச் சுருங்கி வடிவத்தைத் திருகிவிடும்.

குறையும் உண்டு. ஈரத்தில் ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்பத் திருத்தினால் மேல்பரப்பு பஞ்சாக உரியும். மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி முதலில் கிழியும். நான்கைந்து அடுக்கு சேரும் உருவங்களுக்கு இது தடிமன். சமூக மன்ற வகுப்பில் சிறு பிள்ளைகளுக்கு 80 கிராம் நகல் தாளே நல்லது. பெரியவர்களும் உருவத்தை அதில் உலர்வாகப் பழகிவிட்டு இதற்கு வரலாம்.

பிராஸ் பசா வளாகத்து ஓவியப் பொருள் கடைகளில் தேடுங்கள். சுருட்டித் தந்தால் வேண்டாம் என்று சொல்லி, அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துத் தரச் சொல்லுங்கள். சுருளின் வளைவு தாளில் தங்கிவிட்டால், நீங்கள் நினைத்த வளைவோடு அது மல்லுக்கு நிற்கும்.