சீனியர் சிட்டிசன் ஃபுல் செக்கப் பேக்கேஜ், செம்பூர்: ரத்தம் எடுத்தவனுக்கு அஞ்சு ஸ்டார், பேக்கேஜுக்கு ரெண்டு

அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து புக் பண்ணேன். லேப் பேரு வேணாம், இப்ப மும்பைல எல்லா லேப்பும் இதையேதான் விக்குது, எண்பத்தி சொச்சம் டெஸ்ட்டு, பாதி விலை ஆஃபர், மேல பல்லெல்லாம் வரிசையா இருக்கற ஒரு தாத்தா பாட்டி போட்டோ, கீழ "கம்ப்ளீட் கேர்".

நல்லதை முதல்ல சொல்லிடறேன். ரத்தம் எடுக்க வந்த பையன் தங்கம். காலைல ஆறரைன்னா ஆறரைக்கே பெல் அடிச்சான். அம்மாவுக்கு கைல நரம்பு சிக்கறது பெரும்பாடு, முன்னாடி ஒருத்தர் குத்தி குத்தி கையே நீலமாயிடுச்சு, இவன் அவசரமே படல, "ஆன்ட்டி ஒரு டம்ளர் தண்ணி குடிங்க, கைய தொங்க விட்டு உக்காருங்க"ன்னு சொல்லிட்டு அப்பா பக்கம் போயிட்டான், திரும்பி வந்து முழங்கைய விட்டுட்டு புறங்கைல சின்ன ஊசி போட்டு ஒரே குத்துல முடிச்சிட்டான். தாராவி பையன், தமிழ்தான். ரிப்போர்ட்டும் அன்னிக்கு சாயங்காலமே வாட்ஸ்அப்ல வந்துருச்சு.

அந்த ரிப்போர்ட்டுலதான் வம்பு. கல்யாண ஆல்பம் கணக்கா பக்கம் பக்கமா படம், கலர், நடுநடுவுல சிவப்பு. குளோரைடு ஒரு பாயிண்ட் கம்மின்னு சிவப்புல போட்டிருந்தாங்க, அதைப் பாத்துட்டு அம்மா நைட்டு சாப்பிடவே இல்ல. ஃப்ரீ டாக்டர் கால்னு ஒண்ணு வந்துச்சு, அஞ்சு நிமிஷம் கூட இல்ல, வைட்டமின் டி எடுங்க, பி12 எடுங்க, மூணு மாசம் கழிச்சு இதே பேக்கேஜ திரும்ப எடுங்க, அவ்ளோதான். சமீபத்துல கீழ விழுந்தீங்களான்னு கேக்கல, பேப்பர் படிக்க கண்ணு தெரியுதா, படி ஏற முடியுதா, ஒண்ணும் கேக்கல.

எனக்கு கடுப்பு ஏன்னா, வயசானவங்களை எப்படி அளக்கணும்னு யோசிச்சு வெச்சிருக்கற இடம் எங்க வீட்லேர்ந்து ஆட்டோ தூரம். தேவ்னார்ல இருக்கற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், 1956லேர்ந்து இருக்கு, நம்மள்ல பாதி பேர் அந்த கேட்டை தாண்டி போயிருப்போம், உள்ள என்ன பண்றாங்கன்னு தெரியாது. வயசானவங்க உடம்பு, மனசு, வாழ்க்கை பத்தி லாசின்னு சொல்ற பெரிய சர்வே அவங்க பண்ணதுதான், ஹார்வர்டும் தெற்கு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியும் கூட சேர்ந்து. ஆரம்பத்துலேர்ந்து இதுல இருந்தவங்க பேராசிரியர் பெரியநாயகம் ஆரோக்கியசாமி, ஹார்வர்டு டேவிட் ப்ளூம், ஜின்குக் லீ. 2017-18ல 45 வயசுக்கு மேல 72,000க்கும் அதிகமான பேரை வீடு வீடா போய் பாத்தாங்க. அவங்களும் விரல் நுனில ரத்தம் எடுத்தாங்கதான், ஆனா அதோட நிக்கல. கைப்பிடி பலத்த மீட்டர்ல அழுத்த சொன்னாங்க, நாலு மீட்டர் நடக்க விட்டு டைம் பாத்தாங்க, காலை முன்ன பின்ன வெச்சு நிக்க சொன்னாங்க, கண்ணு டெஸ்ட்டு, ஊதுற டெஸ்ட்டு, பத்து வார்த்தை சொல்லிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப கேட்டாங்க, மனசு எப்படி இருக்குன்னும் கேட்டாங்க.

கைய அழுத்தறதுல என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. கனடால இருக்கற இதய டாக்டர் சலீம் யூசுஃப் தலைமைல நடந்த பியூர்ங்கற ஆய்வு, 17 நாட்டுல ஒரு லட்சத்து நாப்பதாயிரம் பேர் கிட்ட, இந்தியாவும் அதுல உண்டு, 2015ல லேன்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. யாரு சீக்கிரம் சாவாங்கன்னு சொல்றதுல மேல் பிரஷரை விட கைப்பிடி பலம்தான் மேல்னு வந்துச்சு. அமெரிக்க முதியோர் டாக்டர் லிண்டா ஃப்ரீட் 2001ல வயசான தளர்ச்சிக்கு சொன்ன அஞ்சு அடையாளத்துலயும் கைப்பிடி இருக்கு, மெதுவா நடக்கறது இருக்கு, காரணமில்லாம எடை குறையறது, எதுக்கெடுத்தாலும் அசதி, நடமாட்டம் கம்மியாறது மீதி மூணு. இதுல எது எங்க ரிப்போர்ட்டுல இருக்கு? ஒண்ணும் இல்ல, ஆனா பாஸ்பரஸ் இருக்கு!

அம்மாவுக்கு குளோரைடு தவிர எல்லாம் பச்சை. ஆனா சேடா நகர் முருகன் கோவில் படிய முன்னாடி மூச்சு வாங்காம ஏறினவங்க இப்ப பாதில கம்பியை பிடிச்சு நிக்கறாங்க. சந்தேகம் வந்து ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ஃபிசியோ கிட்ட கூட்டிட்டு போனேன், அந்தம்மா மீட்டரை கைல குடுத்து "விடாம அழுத்துங்கம்மா, இன்னும், இன்னும்"னாங்க, முள்ளு 15 கிலோவுல நின்னுடுச்சு. தசை பலம் குறையறதை கண்டுபிடிக்க ஆசியாக்காரங்களுக்குன்னு 2019ல வகுத்த கணக்குல பொம்பளைங்களுக்கு 18 கிலோவுக்கு கீழன்னா, ஆம்பளைங்களுக்கு 28க்கு கீழன்னா கவனிக்கணும். இப்ப சேர்ல உக்காந்து எழுந்துக்கற பயிற்சி, முட்டை சாப்பிடாத வீடுங்கறதால பருப்பு, தயிர், பனீர் கூட்டியாச்சு. எண்பது டெஸ்ட்டு சொல்லாததை ரெண்டு நிமிஷத்துல ஒரு மீட்டர் சொல்லுச்சு.

அப்பா கதை வேற. சுகர் கரெக்டா இருக்கு. ஆனா கூட ரம்மி ஆடற நண்பர் பையனோட புனே போனதுலேர்ந்து கீழயே இறங்கறதில்ல, நாள் பூரா டிவிதான். லிசா பெர்க்மன்னு ஒரு ஆய்வாளர் கலிஃபோர்னியால ஆலமீடா கவுண்டி ஆளுங்களை ஒன்பது வருஷம் கவனிச்சு, உறவு நட்பு கம்மியா இருக்கறவங்கதான் அதிகமா சாகறாங்கன்னு 1979லயே எழுதிட்டாங்க. நம்ம டாக்டர் கால்ல "அங்கிள் யாரோட பேசறீங்க"ன்னு ஒரு கேள்வி கேட்டா காசா பணமா?

கஸ்டமர் கேருக்கு இதெல்லாம் எழுதி அனுப்பினேன், பதிலுக்கு பிளாட்டினம் பேக்கேஜுக்கு கூப்பன் வந்துச்சு.

சுகர், பிரஷர், கிட்னி பாக்கணும்னா உங்க டாக்டர் எழுதிக் குடுக்கற நாலஞ்சு டெஸ்ட்ட மட்டும் தனியா எடுங்க, பேக்கேஜ விட கம்மியாத்தான் ஆகும், மிச்ச காசுல கண்ணையும் காதையும் பாத்துடுங்க. லேப்காரங்க படிச்சா ஒண்ணே ஒண்ணு: அந்த பையன் எங்க வீட்ல அரை மணி நேரம் இருந்தான், அவன் பைல ஒரு கைப்பிடி மீட்டரும் நாலு மீட்டர் டேப்பும் போட்டு அனுப்புங்க, விலைய நூறு ரூபா ஏத்திக்கங்க, நான் குடுக்கறேன்.