பவர் ஆட்டோமேட்: சாவி யாரிடம் இருக்கிறது?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2016இல் ‘ஃப்ளோ’ என்ற பெயரில் வெளியிட்டு, 2019இல் ‘பவர் ஆட்டோமேட்’ என்று பெயர் மாற்றிய, வேலைகளைத் தானாக நடத்தித் தரும் மேகக்கணிமைச் சேவையை அலுவலக வேலைகளுக்குச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். மின்னஞ்சலில் வரும் விலைப்பட்டியலை உரிய கோப்புறையில் சேர்ப்பது, அதன் விவரத்தை எக்செல் அட்டவணையில் பதிவது, மேலாளரிடம் ஒப்புதல் கேட்பது ஆகியவற்றை நிரல் எழுதத் தெரியாதவரும் அரை நாளில் அமைத்துவிடலாம். அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

பாதுகாப்பு என்றதும், தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்தைப் பற்றித்தான் எல்லாச் சேவைகளும் பேசுகின்றன. நாம் கவலைப்பட வேண்டிய இடம் அதுவன்று. இப்படித் தானாக நடக்கும் வேலைத்தொடர் ஒவ்வொன்றையும் இன்றும் ‘ஃப்ளோ’ என்றே அழைக்கிறார்கள். ஃப்ளோவை உருவாக்குபவர் தம் கணக்கைக் கொண்டே அஞ்சல்பெட்டியையும் கோப்புகளையும் இணைக்கிறார். இணைப்புகள் பெரும்பாலும், அனுமதியை மட்டும் வழங்கும் ஓஆத் (OAuth) முறையில் அமைவதால் கடவுச்சொல் கைமாறுவதில்லை என்பது நல்லதே. ஆயினும் ஃப்ளோ அவருடைய உரிமைகளோடு இயங்குவதால், அவருக்கு எட்டுவதெல்லாம் அதற்கும் எட்டும். அவர் பணியிலிருந்து விலகிக் கணக்கு முடக்கப்பட்டால், அவர் அமைத்த வேலையும் நின்றுபோகும். முக்கியமான ஃப்ளோக்களை, தேவையான உரிமை மட்டும் கொண்ட தனிக் கணக்கில் வைப்பதே முறை.

நிர்வாகிகள் வகுக்கக்கூடிய தரவுக் கொள்கைதான் இதில் என்னை மிகவும் கவர்ந்தது. ஃப்ளோவைப் பிற சேவைகளோடு இணைக்கும் இணைப்பான்களை அலுவலகத்துக்குரியவை, அல்லாதவை, தடைசெய்யப்பட்டவை என மூன்றாகப் பிரித்துவிட்டால், முதலிரண்டு பிரிவுகளையும் ஒரே ஃப்ளோவில் கலக்க முடியாது. வாடிக்கையாளர் பட்டியல் யாரோ ஒருவருடைய சொந்தச் சேமிப்பகத்துக்குச் சத்தமில்லாமல் நகலாவதை இது தடுக்கிறது.

இதற்கு நேர்மாறாக, ஃப்ளோ இயங்கிய ஒவ்வொரு முறையையும் பதிவுசெய்யும் இயக்க வரலாற்றில் கவனம் போதவில்லை. 28 நாள் வைத்திருக்கப்படும் அந்த வரலாற்றில் ஒவ்வொரு படியின் உள்ளீடும் வெளியீடும் அப்படியே தெரியும். சம்பள விவரமானாலும் அப்படித்தான். மறைக்கும் வசதி உண்டு என்றாலும், படிதோறும் அதை நாமே இயக்க வேண்டியிருக்கிறது. மறைத்திருப்பதுதான் இயல்புநிலையாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு ஃப்ளோ அதிகபட்சம் 30 நாளே காத்திருக்கும். அதற்குள் ஒப்புதல் வராவிட்டால் காலாவதியாகிவிடும். கோப்பைக் கிடப்பில் போடும் மேலாளர் வாய்த்தவர்கள் இதை நினைவில் கொள்ளவும். எஸ்க்யூஎல் சர்வர் போன்ற தரவுத்தளங்களை இணைக்கத் தனி உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்ப்பது நல்லது. மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே உள்ள அலுவலகத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தரவு தம் சர்வரை விட்டு வெளியேறவே கூடாது என்பவர்கள், சொந்தமாக நிறுவிக்கொள்ளத்தக்க என்8என் (n8n) போன்ற தானியக்க மென்பொருள்களைப் பார்க்கலாம்.