என்.சி.சி.யா, என்.எஸ்.எஸ்.ஸா, நேராக சி.டி.எஸ்.ஸா? காரைக்குடிப் பக்கத்து மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கல்லூரி திறந்த கையோடு நோட்டீஸ் போர்டில் இரண்டு அறிவிப்பு ஒட்டிவிடுவார்கள். என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படை) சேர விரும்புவோர் மைதானத்துக்கு வரவும்; என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) சேர விரும்புவோர் பெயர் கொடுக்கவும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பிள்ளைகளில் பலர் கூட நிற்கும் நண்பன் எதில் சேர்கிறானோ அதில் சேர்ந்துவிடுகிறார்கள். ராணுவ அதிகாரி ஆகணும் என்று ஆசை இருப்பவர்களிலும் ஒரு கூட்டம், "இதெல்லாம் எதுக்கு, டிகிரிய முடிச்சுட்டு நேரா சி.டி.எஸ். எழுதிக்கலாம்" என்று, பட்டதாரிகளை முப்படை அதிகாரிகளாக எடுக்கும் அந்தத் தேர்வை நம்பி, இரண்டையும் விட்டுவிடுகிறது.

மூன்றையும் சான்றிதழ், சலுகை என்று எடை போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. இருபது வயதுக்குள் உங்கள் பொறுப்பில் நாலு ஆட்களை விடுகிறார்களா, விட்டால் எப்படி விடுகிறார்கள்? தலைமைப் பயிற்சி என்ற பேச்சில் மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

முதலில் என்.சி.சி. 1948 ஜூலை 15 அன்று தொடங்கியது. அதே மாதம் 25ஆம் தேதி நேரு காரைக்குடிக்கு வந்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கு அடிக்கல் நாட்டினார். ஆக நம்மூர் ஆய்வுக்கூடமும் தேசிய மாணவர் படையும் கிட்டத்தட்ட ஒரே வயது. சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள், 1968இல் மறுபடி விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். அந்த 1968 ஜனவரியில்தான் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் போட்டது. என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் வேண்டாம் என்பதும் அதில் உண்டு. ஆனாலும் டெல்லி குடியரசு தின முகாம் வரை போகிற மாணவன் இன்றைக்கும் 'சாவ்தான்', 'விஷ்ராம்' பழகித்தான் போகிறான்.

இதன் அமைப்பு செட்டிநாட்டுக்காரர்களுக்குப் புரியாமல் போகாது. ரங்கூன் கடைக்குக் கடைசி ஆளான பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாள் ஆகி, பிறகு கடையை நடத்தும் ஏஜெண்டாக உயர்ந்து, மூன்று வருடக் கணக்கு முடித்துக் கொடுத்த மாதிரிதான் இதுவும். முதல் வருடம் வெறும் கேடட். அப்புறம் லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜெண்ட். மூன்றாம் வருடம் ஒருவர் சீனியர் அண்டர் ஆபீசர், மாணவர்களில் அதுதான் உச்சப் பதவி. இரண்டாம் வருட முடிவில் பி சான்றிதழ், மூன்றாம் வருட முடிவில் சி சான்றிதழ். இரண்டுக்கும் வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும், முகாமும் போயிருக்க வேண்டும்.

பயிற்சி எங்கே நடக்கிறது என்றால், அந்த மூன்றாம் வருட மாணவன் முதல் வருடப் பையன்களை வரிசையில் நிறுத்தும்போது. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் ஒருவன் வலப்பக்கம் திரும்பி அடுத்தவனோடு மூக்கு மோத நிற்பான். வரிசையே சிரிக்கும். ராணுவத்திலிருந்து வந்திருக்கும் பயிற்சி ஹவில்தார் அந்தப் பையனைத் திட்டமாட்டார், சொல்லிக் கொடுத்தவனைத்தான் கூப்பிடுவார். தன் தப்பே இல்லாத ஒன்றுக்குத் தான் பதில் சொல்ல வேண்டும் என்பது பத்தொன்பது வயதில் எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பாடம். பத்து நாள் முகாமில் .22 ரைபிளைப் பிடித்துச் சுட்டதைத்தான் எல்லோரும் ஊருக்கு வந்து பீற்றுவார்கள். உண்மையில் ஆளை மாற்றுவது ராத்திரிக் காவல் முறை வைப்பதும், சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் வரிசையைச் சண்டை இல்லாமல் நகர்த்துவதும்தான்.

குறை இல்லையா? இருக்கிறது. உயரமும் குரலும் இருப்பவனுக்குப் பதவி சீக்கிரம் வந்துவிடுகிறது. வி.ஐ.பி. வரும் நாளில் வரவேற்புக்கு நிற்பதே பரேடாகிப் போகும் இடங்களும் உண்டு. இதைவிடப் பெரிய குறை, திட்டம் எப்போதும் மேலிருந்து வருவது. கேடட் அதை நிறைவேற்றுகிறான், போடுவதில்லை.

அங்கேதான் என்.எஸ்.எஸ். முந்துகிறது. 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம். வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, நடுவில் ஏழு நாள் கிராம முகாம். சீருடை மிடுக்கு இல்லை, பதவி வரிசை இல்லை. அதனால் 'மரம் நடுற கும்பல்' என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் நம் பக்கத்து ஊரில் ஒரு ஊருணியைச் சுத்தம் செய்ய ஐம்பது மாணவர்களைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். பஞ்சாயத்துத் தலைவரிடம் பேச வேண்டும், மண்வெட்டி இரவல் வாங்க வேண்டும், பள்ளிக்கூட வராந்தாவில் படுக்க இடம் பிடிக்க வேண்டும். கருவேல முள்ளைக் கண்டதும் நழுவப் பார்க்கும் நண்பனைக் கட்டளை போட்டு இறக்க முடியாது, பேசித்தான் இறக்க வேண்டும்.

இதை நான் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. ராணுவ அதிகாரியாகத் தகுதி உண்டா என்று ஆளை நேரில் சோதிக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வில் வெளியே மைதானத்தில் நடக்கும் குழுப் பணிகளில் இதையேதான் பார்க்கிறார்கள். ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு கொடுத்து, தரையில் கால் படாமல் குழுவே தடைகளைக் கடக்கச் சொல்வார்கள். தலைவர் யார் என்று சொல்லமாட்டார்கள். கல்லூரியில் அண்டர் ஆபீசராக இருந்த சிலர் இங்கே வந்தும் மற்றவர்களை அதட்டுவார்கள். யாரும் கேட்கமாட்டார்கள், மதிப்பெண்ணும் வராது. பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு "இப்படி வச்சுப் பாக்கலாமா?" என்று கேட்கத் தெரிந்தவன் தேறுவான்.

மூன்றாவது, நேராக சி.டி.எஸ். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. டேராடூன் ராணுவ அகாடமி, எழிமலா கடற்படை அகாடமி, ஐதராபாத் விமானப்படை அகாடமி வேண்டுமென்றால் ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் மூன்று தாள். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி மட்டும் போதுமென்றால் கணிதம் கிடையாது, கலைப்பிரிவு மாணவர்களுக்கு அது பெரிய நிம்மதி. இந்தத் தேர்வின் வழி பெண்களுக்குத் திறந்திருப்பதும் பரங்கிமலைதான். பரீட்சை கடினம் என்று பயப்பட வேண்டியதில்லை, வங்கித் தேர்வுக்குப் படிக்கிற நம்மூர்ப் பையன்களால் முடியும். ஆனால் தலைமைப் பயிற்சி என்று பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை. நாற்காலி, புத்தகம், மாதிரித் தேர்வு, அவ்வளவுதான். எழுத்தில் தேறியவனும் பெங்களூருக்கோ போபாலுக்கோ அதே எஸ்.எஸ்.பி.க்குத்தான் போக வேண்டும். ஐந்து நாள் நடக்கும் அதில் முதல் நாளே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

சலுகைக் கணக்கிலும் என்.சி.சி. கை ஓங்கியே இருக்கிறது. சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் சிறப்பு நுழைவில் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம், ஆண் பெண் இருவரும். சி.டி.எஸ். எழுதினாலும் டேராடூன் இடங்களில் சி சான்றிதழ்காரர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. பொறியியல் மாணவர்களுக்குத் தொழில்நுட்ப நுழைவு என்று இன்னொரு கதவு இருக்கிறது. அதிலும் எழுத்துத் தேர்வு இல்லை, மதிப்பெண் பார்த்து அழைப்பார்கள்.

என் தீர்ப்பு: முதலாம் ஆண்டில் இருப்பவர் என்.சி.சி.யில் சேருங்கள். காரணம் காலம். சி.டி.எஸ். கதவு 24, 25 வயது வரை திறந்தே இருக்கும். மூன்று வருடப் பட்டப்படிப்பில் சி சான்றிதழ் வேண்டுமென்றால் முதல் வருடமே சேர்ந்தாக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் வருத்தப்படாமல் என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்து முகாம் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள், கூடவே சி.டி.எஸ். படியுங்கள். என்.சி.சி.யில் இருப்பவர்கள் கட்டளை போட முடியாத இடத்தில் வேலை வாங்கிப் பழகணும். கோயில் திருவிழா அன்னதானப் பந்தியே போதும், அங்கே வயதில் மூத்தவர்களிடமும் வேலை வாங்கியாக வேண்டும்.

மூன்று வழியிலும் தீராத ஒரு குறை ஆங்கிலப் பேச்சு. தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைகள் எஸ்.எஸ்.பி.யில் தடுமாறுவது பெரும்பாலும் குழு விவாதத்திலும் மூன்று நிமிடச் சொற்பொழிவிலும்தான். ஆயிரக்கணக்கில் வாங்கும் கோச்சிங் வகுப்புக்கு முதல் முயற்சிக்கு முன்பே பணம் கட்ட வேண்டாம் என்பேன். தினமும் செய்தித்தாளில் ஒரு தலைப்பை எடுத்து மூன்று நிமிடம் வாய்விட்டுப் பேசுங்கள், பக்கத்தில் யாராவது கேட்டால் இன்னும் நல்லது. முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்கள், அந்த அனுபவமே பாதிப் பயிற்சி.

வீட்டில் ஆயா (பாட்டி), "பட்டாளத்துக்கா போறே? பேங்க் வேலைக்கு எழுதக் கூடாதாப்பா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். பரங்கிமலையில் பயிற்சி 49 வாரம், பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை, முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமோ, பிறகு பத்து வருடப் பணி, விருப்பப்பட்டால் இன்னும் நாலு வருடம் நீட்டிக்கலாம். ஊரிலிருந்து பல்லவன் ரயிலில் ஏறினால் தாம்பரத்தில் இறங்கிப் போய்விடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.